சளிக்காய்ச்சலோடு வந்து நிற்காமல் தொடரும் விக்கல்: முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு நிமோனியா வந்த வாரத்தில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது விக்கல்தான். வைரஸ் காய்ச்சலாக ஆரம்பித்து நுரையீரல் வரை போய்விட்ட தொற்று. காய்ச்சல் இறங்கி, ஆக்சிஜன் அளவும் தேறிக்கொண்டு வந்த நேரம் பார்த்து விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்பூன் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோவார். உதட்டைத் தொடும்போது உடம்பு தூக்கிப்போடும், பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டும். இரண்டு இரவு இப்படியே போனது. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ ஆரம்பிச்சது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முந்தாநாள் மதியமா, சாயங்காலமா, சாப்பாட்டுக்கு முன்பா, மாத்திரைக்குப் பின்பா, எதுவுமே நினைவில்லை.

அந்த நேரத்தை நான் குறித்து வைத்திருந்தால் அப்பாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே நிம்மதி கிடைத்திருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன். விக்கல் வந்ததும் எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லோரும் தேடுகிறோம். ஆனால் சுவாசத் தொற்றோடு வந்து நாள்கணக்கில் நீடிக்கும் விக்கலில், ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

உள்ளே என்ன நடக்கிறது

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்தாற்போல் இருக்கும் தசை உதரவிதானம். அது திடீரென்று சுருங்கும்போது காற்று உள்ளே இழுபடுகிறது. சுமார் 35 மில்லி விநாடியில் குரல்வளை படக்கென்று மூடிக்கொள்கிறது. அந்த அடைப்பில் எழும் சத்தம்தான் விக்கல். நிமிடத்துக்கு 4 முதல் 60 தடவை வரை வரலாம்.

இதை நடத்துவது ஒரு நரம்புச் சுற்று. வேகஸ் நரம்பு, ஃப்ரெனிக் நரம்பு, முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்புச் சங்கிலி ஆகிய மூன்றும் செய்தியை மேலே கொண்டுபோகின்றன. மூளைத்தண்டு அதை வாங்கி, ஃப்ரெனிக் நரம்பு வழியாகவே உதரவிதானத்துக்கு உத்தரவு அனுப்புகிறது. இந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஃப்ரெனிக் நரம்பு கழுத்தில் கிளம்பி இதயத்தின் ஓரமாக இறங்கி வருகிறது. வேகஸ் நரம்பு காது, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல், இரைப்பை என்று எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. நுரையீரலின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே அழற்சி வந்தாலும், நுரையீரல் உறை வீங்கினாலும், நீர் கோத்தாலும் இந்தச் சுற்று தூண்டப்படும். தொடர் இருமலால் இரைப்பை அமிலம் மேலேறினாலும், சாப்பிடாமல் கிடந்து ரத்தத்தில் உப்புச் சத்துகள் குறைந்தாலும் அதேதான். தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தும் தூண்டலாம்.

சில சமயம் தொற்றின் முதல் அறிகுறியே விக்கலாக இருக்கும். 2020-இல் சிகாகோவில் 62 வயதுக்காரர் ஒருவர் நான்கு நாளாக நிற்காத விக்கலோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். மூச்சுத்திணறல் இல்லை, நெஞ்சு வலி இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் பாதிப்பு. பரிசோதனையில் கோவிட் உறுதியானது. இது அபூர்வம்தான். ஆனாலும் தொற்றுக் காலத்தில் வரும் நீண்ட விக்கலை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

முதல் படி: கடிகாரத்தைப் பாருங்கள்

விக்கல் ஆரம்பித்த நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் அடங்கினால் அது சாதாரண விக்கல். 48 மணி நேரத்தைத் தாண்டினால் நீடித்த விக்கல். ஒரு மாதத்துக்கு மேல் போனால் தீராத விக்கல் என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். இரண்டு நாளைத் தாண்டினால் நிச்சயம் மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே காய்ச்சல், இருமல் உள்ளவர், வயதானவர், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் என்றால் அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

நேரத்தோடு கூடவே இன்னும் சிலவற்றையும் குறியுங்கள். ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை விக்கல்? தூங்கும்போது நிற்கிறதா, தூக்கத்திலும் வருகிறதா? சாப்பிட்டதும் கூடுகிறதா? படுத்தால் அதிகமா, உட்கார்ந்தால் குறைவா? தூக்கத்திலும் தொடரும் விக்கலுக்கு உடலில் ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த ஒரு கேள்விக்காவது பதில் வைத்திருங்கள். கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது. மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் விக்கல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும்.

இரண்டாம் படி: இது அவசரமா என்று பாருங்கள்

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

- மூச்சு வாங்குகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது.
- விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரில் 92 அல்லது அதற்குக் கீழே காட்டுகிறது. 93, 94 என்று இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம். அவர்களுக்கு உரிய எல்லையை மருத்துவர் முன்பே சொல்லியிருப்பார்.
- நெஞ்சு வலி அல்லது இறுக்கம், வியர்த்துக் கொட்டுவது, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. மாரடைப்பும் விக்கலைக் கொண்டுவரும்.
- திடீர்த் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், விழுங்க முடியாமை, குரல் கம்முவது, முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போவது. மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் இப்படித்தான் தலைகாட்டும்.
- குழப்பமான பேச்சு, வலிப்பு, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைப்பு.
- வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது.

மூன்றாம் படி: வீட்டில் முயலக்கூடியதும் கூடாததும்

அவசர அறிகுறி எதுவும் இல்லையா, சரி, எளிய முறைகளைப் பார்க்கலாம். இவை எல்லாமே தொண்டையையோ வேகஸ் நரம்பையோ லேசாகத் தூண்டி, அந்த நரம்புச் சுற்றைக் குழப்பிவிடும் முறைகள்தான். குளிர்ந்த தண்ணீரை இடைவிடாமல் சிறு சிறு மிடறாக விழுங்குவது, தண்ணீரால் தொண்டையைக் கொப்புளிப்பது, ஒரு டீஸ்பூன் சர்க்கரையை அப்படியே நாக்கில் போட்டு விழுங்குவது, உட்கார்ந்தபடி முழங்காலை நெஞ்சோடு அணைத்து முன்னால் சாய்வது. சர்க்கரை முறை 1971-லேயே மருத்துவ இதழில் வந்தது. 20 பேரில் 19 பேருக்கு நின்றதாக அதில் எழுதியிருந்தார்கள். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு, இதைத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை முயன்றால் போதும். நின்று, பத்து நிமிடத்தில் மறுபடி வந்தால் அதையும் குறிப்பில் சேருங்கள்.

இனி, கூடாதவை. இதில் கண்டிப்பாக இருங்கள். நுரையீரலில் தொற்று உள்ளவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லவே கூடாது. இரண்டுமே ரத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றி விக்கலை அடக்கும் முறைகள். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் நுரையீரலுக்கு அது தண்டனை. அப்பாவிடம் நான் "கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிங்கப்பா" என்றேன். அவரும் எனக்காகப் பிடித்தார். விரலில் மாட்டியிருந்த கருவியில் 95 இருந்தது 91-க்கு இறங்குவதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நர்ஸ் வந்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்த பிறகுதான் ஏறியது.

கண்ணை மூடி விழிமேல் அழுத்துவது, கழுத்தின் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தைத் தேய்ப்பது என்று சிலர் சொல்வார்கள். முதலாவது கண்ணைக் கெடுக்கும். இரண்டாவது வயதானவர்களுக்கு இதயத் துடிப்பைச் சட்டென்று குறைத்துவிடும்; கழுத்து ரத்தக்குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு பெயர்ந்து பக்கவாதம்கூட வரலாம். பயமுறுத்துவதும் வேண்டாம், உடம்பு முடியாதவர் பாவம்.

நான்காம் படி: மருந்துச் சீட்டை விக்கலின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் எந்த மருந்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. வலப்பக்கம் விக்கல் எப்போது வந்தது, எப்போது கூடியது. ஊசி, மாத்திரை, சிரப், மூக்கில் விடும் சொட்டு, கடையில் கேட்டு வாங்கியது, எதையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் தேட வேண்டிய பெயர் டெக்ஸாமெதசோன். ஸ்டீராய்டு மருந்துகளில் விக்கலோடு அதிகம் பேசப்படுவது இதுதான். தொடங்கிய ஓரிரு நாளில் விக்கல் வருவதும், நிறுத்தியதும் அடங்குவதும், அடுத்த முறை கொடுத்தால் திரும்ப வருவதும் மருத்துவர்களுக்குப் பழக்கமான வரிசை. பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். பொதுவாகவே நீடித்த விக்கல் ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கோவிட் காலத்தில் இந்த மருந்து பரவலாகப் பயன்பட்டதற்குக் காரணம் இருந்தது. பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் வெளியிட்ட முடிவுப்படி, தினமும் 6 மி.கி. வீதம் 10 நாள் வரை கொடுத்ததில், ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களிடையே இறப்பு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இந்த இரண்டாவது வரியைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் இருந்தபடியே வைரஸ் காய்ச்சலைச் சமாளிக்கும் ஒருவர் டெக்ஸாமெதசோன் எடுத்து, அதனால் விக்கலும் வந்திருந்தால், "இந்த மருந்து எனக்குத் தேவைதானா?" என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு கிடைக்காமல் சரிந்துவிடலாம். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், அல்லது மெத்தில்பிரெட்னிசொலோன் போன்ற இன்னொரு ஸ்டீராய்டுக்கு மாற்றலாம். அப்படி மாற்றியதும் விக்கல் நின்றவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்களுக்கும் அதுதான் நடந்தது. நர்ஸிடம் இருந்த மருந்து அட்டையை நானும் அந்த மருத்துவரும் சேர்ந்து புரட்டினோம். டெக்ஸாமெதசோன் முதல் ஊசி ஞாயிறு காலை 10 மணி. திங்கள் சாயங்காலம் அத்தை பார்க்க வந்தபோது அப்பா விக்கிக்கொண்டே பேசியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அட்டையைப் பார்த்த அன்றே மருந்தை மாற்றினார்கள். மறுநாள் இரவு அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்; அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் விழித்திருந்தேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அசித்ரோமைசின். இதனாலும் விக்கல் வந்ததாகப் பதிவுகள் உண்டு. இது வைரஸைக் கொல்லும் மருந்து அல்ல. பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் நினைத்தால்தான் இதற்கு வேலை. தூக்க மாத்திரைகள், அமைதிப்படுத்த ஊசியாகக் கொடுக்கும் மிடாசொலாம், மார்ஃபின் வகை வலி மருந்துகள் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் என்ன சொல்வது, என்ன எதிர்பார்ப்பது

"விக்கல் நிற்க மாட்டேங்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எட்டு நாளாக் காய்ச்சல், இருமல். அஞ்சாம் நாள் ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. ஆறாம் நாள் சாயங்காலத்திலிருந்து விக்கல். நிமிஷத்துக்கு இருபது தடவை. தூக்கத்திலயும் வருது. சாப்பாடு பாதியாக் குறைஞ்சுடுச்சு." இருபது விநாடிப் பேச்சுதான். இதற்குப் பிறகு எந்த மருத்துவரும் காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

தேடும் பாதை ஏறக்குறைய இப்படி இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன்: நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா, நீர்க்கோப்பு, சீழ் இருக்கிறதா என்று பார்க்க. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை. சாப்பிடாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டு கிடந்த வயதானவருக்குச் சோடியம் விழுந்திருப்பது சாதாரணம். அதைச் சரிசெய்ததும் விக்கல் ஓய்வதைப் பார்க்கலாம். இ.சி.ஜி. இரண்டு காரணத்துக்காக: இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய, அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்தை இதயம் தாங்குமா என்று பார்க்க. காதுக்குள்ளும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். செவிப்பறையில் ஒட்டிக்கொண்ட ஒரு முடிகூட வேகஸ் நரம்பின் கிளையை உறுத்தி விக்கலை வரவழைக்கும்.

இதிலெல்லாம் ஒன்றும் தென்படாமல், விக்கலோடு குமட்டலும் வாந்தியும் நாள்கணக்கில் சேர்ந்தே வந்தால், மூளைத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது முக்கியம். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்றொரு நோய் இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளைத்தண்டையும் கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும். சிலருக்கு ஒரு தொற்றுக்குப் பின்னால் தலைதூக்கி, முதலில் வெறும் விக்கலும் வாந்தியுமாகவே இருக்கும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து எண்டோஸ்கோப்பி செய்துகொண்டே வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் பார்வை மங்கலாம், கால் செயலிழக்கலாம். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். அரிதான நோய்தான், ஆனாலும் சீக்கிரம் பிடித்தால் பெரும் சேதத்தைத் தவிர்க்கலாம் என்பதால் சொல்கிறேன்.

ஆறாம் படி: விக்கலை நிறுத்தும் மருந்துகள்

காரணத்துக்கு வைத்தியம் நடக்கும்போதே விக்கலை அடக்கவும் மருந்து தரலாம். இவை எல்லாமே மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டியவை.

அமிலம் மேலேறுவதாகத் தோன்றினால் பாண்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து, வயிறு உப்பியிருந்தால் இரைப்பையைக் காலிசெய்ய மெட்டோக்ளோபிரமைடு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென். வழக்கமாக 5 மி.கி. மூன்று வேளை என்று தொடங்குவார்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இது உடம்பில் தேங்கிக் குழப்பத்தையும் மயக்கத்தையும் கொடுக்கும். எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின் இன்னொரு வழி.

குளோர்புரோமசின் பழைய மருந்து. அமெரிக்க மருந்து ஆணையம் தீராத விக்கலுக்கென்று அனுமதித்தது இந்த ஒன்றைத்தான். வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும், அசத்தும். எழுந்து நிற்கும்போது வயதானவர் விழுந்துவிடலாம். முதல் வேளைக்குப் பிறகு கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். இதுவும் இதே போன்ற ஹாலோபெரிடாலும் இதயத்தின் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடியவை. அசித்ரோமைசினும் அதைச் செய்யும். இந்த மூன்றில் இரண்டு ஒரே நேரத்தில் சீட்டில் இருந்தால் "இ.சி.ஜி. பார்த்தாச்சா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். மேலும், மயக்கம் தரும் எந்த மருந்தும் நுரையீரல் தொற்று உள்ளவருக்கு மூச்சை மந்தமாக்கலாம். மருந்து கொடுத்த முதல் இரவில் ஆக்சிமீட்டர் விரலிலேயே இருக்கட்டும்.

எதற்கும் அடங்காத விக்கலுக்கு ஃப்ரெனிக் நரம்பை மரக்கச்செய்யும் ஊசி உண்டு. உதரவிதானத்தின் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போகும் என்பதால் நுரையீரல் தேறும் முன் யாரும் எளிதில் அதற்குப் போக மாட்டார்கள்.

ஏழாம் படி: சாப்பாடும் தூக்கமும்

நாள்பட்ட விக்கல் ஆளை மெலிய வைப்பது பட்டினியாலும் தூக்கமின்மையாலும்தான். அமெரிக்காவின் அயோவாவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922-இல் தொடங்கிய விக்கல் 1990 வரை நீடித்தது. விக்கலோடு ஒருவர் வாழ முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நம் நோயாளிக்கோ ஒரு வாரமே பெரிய பாரம், நோயிலிருந்து மீள வேண்டிய சக்தி எல்லாம் அதில் கரைந்துவிடும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். குழைவாக, மிதமான சூட்டில், சின்ன ஸ்பூனால் கொடுங்கள். ஒரு விக்கலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தாளம் உங்களுக்கு விரைவில் பிடிபடும். விக்கல் வந்து முடிந்த அந்த நொடியில் ஸ்பூனை நீட்டினால் புரையேறுவது குறையும். புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் இன்னொரு நிமோனியா காத்திருக்கும், ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். வாயு நிரம்பிய குளிர்பானம், ஸ்ட்ரா, அதிகக் காரம் வேண்டாம். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கட்டும், தூங்கும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்கு உயர்ந்திருக்கட்டும். விலா வலிக்கிறது என்பார்; ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக் கொடுத்தால் அதிர்வு குறையும்.

எட்டாம் படி: நின்ற பிறகு

இரண்டு நாள் விக்கல் இல்லாமல் போனதும் அடக்கும் மருந்தை எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். பேக்லோஃபெனைச் சில நாளுக்கு மேல் எடுத்திருந்தால் சட்டென்று விடக் கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். திரும்ப வந்தால் மறுபடி அதே தாள், அதே இரண்டு பத்தி. காய்ச்சல் போய் வாரங்கள் ஆன பிறகும் விக்கல் வந்து போய்க்கொண்டிருந்தால் தொற்றின் மீது பழியைப் போட்டுவிட்டு உட்காராமல் வயிறு, உணவுக்குழாய், நரம்பு மண்டலம் என்று மறுபடியும் தேட வேண்டும்.

மருந்தால்தான் வந்தது என்று தெரிந்தால் அந்த மருந்தின் பெயரையும் அளவையும் எத்தனையாம் நாள் விக்கல் வந்தது என்பதையும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வாமை என்ற தலைப்பில் எழுதாதீர்கள், அப்படி எழுதினால் அவசரத் தேவையின்போதும் அந்த மருந்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். அப்பாவின் கோப்பில் இப்படி இருக்கிறது: "டெக்ஸாமெதசோன் 6 மி.கி., இரண்டாம் நாள் விக்கல், மாற்றியதும் நின்றது. ஒவ்வாமை இல்லை."